மூழ்கிப்போன மாப்பிள்ளை

ஜார்ஜ் டவுன் நகரம் எப்படிப் பிறந்தது என்பதைத் தியோ கெங் லாய் ஒரு நாளில் இரண்டு தடவை சொல்வான். காலையில் ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்கு, பிற்பகலில் இன்னொரு கூட்டத்துக்கு. கடற்கரைக் கோட்டையின் நிழலில் எல்லாரையும் நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பான்.

"அப்போ இந்தத் தீவு முழுக்கக் காடு. வெட்டுனா கோடாலிதான் உடையும், மரம் அசையாது. கப்பல்ல வந்த துரை கூலி தரேன்னான், யாரும் வரல. கெஞ்சிப் பாத்தான், அப்பவும் வரல. கடைசியில என்ன பண்ணான் தெரியுமா? பீரங்கியில குண்டுக்குப் பதிலா வெள்ளிக் காசை அடைச்சான். காட்டைப் பாத்துத் திருப்பினான்..."

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் படாரென்று தட்டுவான். முன்வரிசையில் நிற்பவர்கள் துள்ளுவார்கள். பிறகு சிரிப்பார்கள். "காசு பொறுக்கப் போனவன் எல்லாம் வழியில புதரை வெட்டிக்கிட்டே போனான். ஒரே மாசத்துல காடு தரையாச்சு. அந்தத் தரையிலதான் இப்ப நீங்க நிக்கிறீங்க." எல்லாரும் தங்கள் காலடியைப் பார்த்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக ஒருவர்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு மசூதி, குலக்கோயில், சுவரோவியச் சந்து, ஆளுக்கொரு கோப்பை ஜாதிக்காய்ச் சாறு. கடைசியாகத் தியோ பாலம்.

பாலம் என்று பெயரே தவிர அது எந்தக் கரைக்கும் போய்ச் சேராது. கரையில் கிளம்பும் பலகைப் பாதை கடலுக்குள் முன்னூறு அடி போய், அங்கேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் கட்டைக் கால்களின் மேல் வீடுகள். எல்லா வீட்டிலும் தியோ என்ற குலப்பெயர்க்காரர்கள். சீனக் கரையின் ஒரே ஊரிலிருந்து வந்து, கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவே தோணியில் அரிசியும் கரியும் ஏற்றி இறக்கியவர்களின் வம்சம். "தரையில வீடு கட்டினா வரி கேப்பாங்க. தண்ணி மேல கட்டினா மீனா வந்து கேக்கும்?" என்பான் கெங் லாய். அதற்கும் சிரிப்பு நிச்சயம்.

ஏழாவது வீட்டில்தான் அவன் பிறந்தான். அதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டான். கல்யாணம் ஆனதும் மலையடிவாரத்தில் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டான். ஏழாவது வீட்டில் இப்போது அவனுடைய அக்கா குவாட் சிம் மட்டும் இருந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. கரைக் கடைகளிலிருந்து கால்சட்டைகளை வாங்கிவந்து நீளம் குறைத்து மடித்துத் தைப்பாள். பலகைப் பாதையைப் பார்த்த ஜன்னலோரம்தான் தையல் எந்திரம் இருந்தது. வீட்டிலேயே வெளிச்சம் உள்ள இடம் அது ஒன்றுதான்.

"கும்பலைக் கூட்டிட்டு வரும்போது என்கிட்டப் பேசாத" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "நீ பேசினா, அவங்களும் உள்ள வந்து என் சட்டியைத் திறந்து பாப்பாங்க." அவன் பேசுவதில்லை. தெரியாதவன் மாதிரிக் கடந்து போவான்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள். நல்ல வெயில். கூட்டம் களைத்துப்போயிருந்தது, மீன் வரி கேட்கும் கதைக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் ஜன்னலைக் காட்டி, "அந்தம்மா யாரு? ஏன் கடலையே பாக்கறாங்க?" என்று கேட்டாள். அக்கா அப்போதுதான் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து, கண் வலி போகப் பாதை முனையில் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'என் அக்கா' என்று சொல்ல முடியாது. வாய் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"அந்தம்மாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஒரு தோணிக்காரன். கல்யாணத்துக்கு ஒம்பது நாள் இருக்கும்போது புயல்ல போனவன். உடம்புகூடக் கிடைக்கல. முப்பது வருஷமாச்சு. தினம் அந்த ஜன்னல்ல உக்காந்து, அவனுக்காக ஒரு கல்யாண உடுப்புத் தைக்கிறாங்க."

களைத்திருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. கேள்வி கேட்ட பெண்ணின் கண் கலங்கியது. கெங் லாய்க்கே உடம்பு சிலிர்த்தது. மறுநாள் இன்னொரு தடவை சொன்னான். மூன்றாம் நாள் அந்த உடுப்புக்கு நீல நிறம் கொடுத்தான்.

நாளடைவில் ஜன்னல் விளிம்பில் பூ சேர ஆரம்பித்தது. சாமந்தி, மல்லிகை, ஒரு தடவை விலையுயர்ந்த ஆர்க்கிட் கொத்து. குவாட் சிம் அவற்றைத் திரட்டி வாசலில் இருந்த வான தேவன் மாடத்தில் வைத்தாள்.

"நம்ம சாமிக்கு இப்ப வெள்ளைக்காரங்களும் பூ வைக்கிறாங்கடா" என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னாள். "மரியாதையான ஜனங்க. ஆனா ஏன் என்னைப் பாத்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறாங்கன்னுதான் தெரியல. நான் அவ்வளவு இளைச்சா போயிட்டேன்?"

"வெயில் அக்கா. வெயில்ல அப்படித்தான் இருப்பாங்க."

இந்த வருஷம், மழைக்காலம் தொடங்குமுன் ஒரு செவ்வாய்க்கிழமை, தைவானிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். கெங் லாய் எல்லாருக்கும், அக்காவுக்குப் புரியாத மாண்டரினில், கதையைச் சொல்லி முடித்துத் திரும்புவதற்குள், அந்த அம்மாள் நேராக ஜன்னலுக்குப் போய், சுத்தமான ஹொக்கியனில், அக்காவின் சொந்த மொழியில், கேட்டுவிட்டாள்.

"அக்கா, அவர் ஒடம்பு கடைசிவரைக்கும் கரை ஒதுங்கலையா?"

எந்திரம் நின்றது. "யாரு ஒடம்பு?"

"உங்களுக்கு நிச்சயம் பண்ணவரு. தோணியில போனாரே... தாங்க முடியலக்கா. நானும் புருஷனைப் பறிகொடுத்தவதான்."

குவாட் சிம் அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு, அவள் தோளுக்கு மேலாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள்.  அவ்வளவுதான், நாற்பது பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று நினைத்தான்.

"இல்லம்மா, ஒதுங்கல" என்றாள் அக்கா. "அது போகட்டும். உங்க வீட்டுக்காரர் தவறி எத்தனை நாளாச்சு?"

"மார்ச் மாசம்."

"அப்ப இன்னும் பச்சைப் புண்ணு. வெயில்ல நிக்காதீங்க, இப்படி நிழல்ல வாங்க." ஜன்னல் வழியாக ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினாள். அந்த அம்மாள் குடிக்கும் வரை குவாட் சிம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பியை மறுபடி பார்க்கவே இல்லை.

கூட்டத்தைப் பேருந்தில் ஏற்றிவிட்டு கெங் லாய் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்க கைடு சார்" என்றாள் அக்கா. "எத்தனை வருஷமா நான் விதவை?"

"அக்கா..."

"விதவைகூட இல்ல. கல்யாணமே ஆகலையே. அதையும் குடுத்துருக்கலாம்ல, கஞ்சப்பயலே. சரி, சொல்லு. அவங்ககிட்டச் சொல்ற மாதிரியே, ஒரு வார்த்தை விடாம."

அவன் சொன்னான். அன்னிய மொழியில் அத்தனை வழுக்கிக்கொண்டு போன கதை, வீட்டு மொழியில் ஒவ்வொரு வார்த்தையிலும் இடறியது. நீல உடுப்பு வரும் இடத்தில் அவன் குரல் கேட்கவே இல்லை. மடியில் கிடந்த கால்சட்டையை அக்கா தூக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையனின் காக்கிக் கால்சட்டை.

"இதுவா கல்யாண உடுப்பு?" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "எனக்கு நிச்சயமான கோர் டெக் செங் அக்கரையில பட்டர்வொர்த்ல கார் டயர் விக்கிறான். உனக்கே தெரியும். குண்டா, நல்லா இருக்கான். அவனை ஏன்டா சாகடிச்ச?"

கெங் லாய் தரைப் பலகையின் இடுக்கைப் பார்த்தான். "அப்ப எனக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா சீர்ப்பெட்டி எல்லாம் திரும்பிப் போயிட்டிருக்கு. மாப்பிள்ளை எங்கன்னு அப்பாகிட்டக் கேட்டேன். அப்பா வலையைத் தூக்கி எறிஞ்சுட்டு, எல்லாம் கடலோட போச்சு, அந்தப் பேச்சை எடுக்காதன்னாரு. நான் நெசமாவே கடல்ல போயிட்டாருன்னு நெனச்சேன்க்கா. ரொம்ப நாள் பலகை இடுக்குல பாத்துட்டே இருப்பேன், ஒடம்பு வருதான்னு. அப்புறம் தெரிஞ்சுது, இல்லன்னு. ஆனா கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு இன்னிவரைக்கும் யாரும் சொல்லல."

"நீ கேக்கலையே."

"கேக்கலாம்னு தெரியாது."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். காரணத்தை அப்போதும் சொல்லவில்லை. "இனிமே அந்தக் கதை வேணாம்" என்றாள்.

அவன் மறுநாளே நிறுத்தினான். ஆனால் கதை நிற்கவில்லை. மற்ற வழிகாட்டிகள் எப்போதோ அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ரொஹானா என்ற மலாய்ப் பெண் நன்றாகச் சொல்வாள். அவளை ஜாதிக்காய்ச் சாற்றுக் கடையில் பிடித்து, விஷயத்தை உடைத்துச் சொன்னான்.

"ஐயோ, உங்க அக்காவா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சொல்ல மாட்டேண்ணே, சத்தியமா இனிமே சொல்ல மாட்டேன். ஆனா மத்தவங்க? போன்ல எல்லாம் வந்துருச்சே. நேத்து ஒரு கொரியாக்காரப் பொண்ணு படத்தைக் காட்டி, இந்த ஜன்னலுக்குத்தான் வந்தேன், வேற எதுவும் வேணாம்னுட்டா."

"பொய்னு சொல்லணும்."

"சொன்னா கேப்பாங்களா?" அவள் உறிஞ்சுகுழலைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த வெள்ளிக் காசு பீரங்கியை மட்டும் யாரு பாத்தா? எங்க ஆளுங்க அதுக்கு முன்னாடியே இந்த முனையில குடிசை போட்டு மீன் பிடிச்சுட்டு இருந்தாங்க. உங்க கதையில அவங்க ஒருத்தர்கூட இல்லையே. வெறும் காடுதானே இருக்கு?"

 அன்று பிற்பகல் கோட்டை நிழலில் நின்றபோது கை தட்டும் இடம் வந்தது. தட்டினான், எல்லாரும் துள்ளினார்கள். ஆனால் அவன் மனசு வேறெங்கோ இருந்தது. வெள்ளிக் காசுக் கதையையும் எவனோ ஒருவன்தான் கட்டியிருப்பான்; களைத்த கூட்டத்தின் முன்னால், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வாயைத் திறந்திருப்பான். முதல் தடவை சொன்னபோது அவனுக்கும் சிலிர்த்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பதினெட்டுப் பேரோடு கெங் லாய் பாலத்தில் இருந்தான். ஏழாவது வீட்டைத் தாண்டிப்போகப் பார்த்தான். அவர்கள் விடவில்லை, முன்பே படித்துவிட்டு வந்திருந்தார்கள். "இதுதானே அந்த ஜன்னல்?" என்று ஒரு உயரமான பெண் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஹொக்கியனில் ஒரு குரல் வந்தது.

"ஏம்ப்பா, நான் செத்துட்டேனாமே?"

பலகைகள் முனக, பெரிய தொந்தியோடு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பயற்றம் பிஸ்கட் பெட்டி, இன்னொரு கையில் படகுச் சீட்டு. வியர்த்து வழிந்தது. கெங் லாய் அவரை முப்பத்தாறு வருஷமாகக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது.

"செங் அண்ணே..."

"என் பேத்தி போன்ல காட்டறா. தாத்தா, இது நீங்கதானேன்னு கேக்கறா. ஊர் பேரு, பாலம் பேரு, வருஷம் எல்லாம் சரியா இருக்கு. ஆள் மட்டும் செத்துட்டான். என் பொண்டாட்டி மூணு நாளா என்னைப் பொணம்னுதான் கூப்புடறா. சோறு போட்டாச்சு பொணமே, வான்னு சொல்றா!"

ஜன்னலில் குவாட் சிம் எழுந்து நின்றாள். ஊசி கையிலேயே இருந்தது.

உயரமான பெண் கெங் லாயின் கையைப் பிடித்து, "இவர் யாரு?" என்று கேட்டாள். அவனுக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை.

"இவர்தாங்க அந்த மாப்பிள்ளை. கடல்ல எல்லாம் போகல. அது நான் கட்டின கதை."

முதல் வாக்கியத்துக்குப் பிறகு யாரும் எதையும் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண் 'ஓ'வென்று அழுதுவிட்டாள். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். இரண்டு பேர் டெக் செங்கைக் கட்டிப்பிடித்தார்கள். "இல்ல, இல்ல, டயர் கடை! பட்டர்வொர்த்!" என்று கெங் லாய் கத்தினான். அவர்கள் தலையாட்டிக்கொண்டே படம் எடுத்தார்கள். கட்டிப்பிடித்தவர்களின் தோளுக்கு மேலாக டெக் செங் திருதிருவென விழித்தார்.

"என்னடா பண்றாங்க இவங்க?"

"நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு சந்தோஷப்படறாங்கண்ணே."

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குவாட் சிம் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கெங் லாய் பார்த்ததே இல்லை.

கூட்டத்தை அனுப்பிவிட்டு அவன் வந்தபோது, இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேநீரும் பிரித்த பிஸ்கட் பெட்டியும். கடல் வற்றும் நேரம். கீழே சேறு தெரிந்தது, அதன் வாடை பலகை இடுக்கு வழியாக ஏறி வந்தது. டெக் செங் டயர் கடையைப் பற்றியும், முட்டி வலியைப் பற்றியும், பேத்தி வயலின் கற்றுக்கொள்வதைப் பற்றியும் சொன்னார். பிறகு கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும் சிம். வீட்டுல நான் வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேன். நான்தான் வேணாம்னுட்டேன்னு."

"நல்லது. சொல்லிட்டுப் போங்க. தம்பி சொன்னதைவிடப் பரவாயில்ல, உயிரோடயாவது இருக்கீங்க."

"ஆனா நீ ஏன் வேணாம்ன? உங்க அப்பா வந்து, பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. வேற யாராவது இருந்தானா?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

குவாட் சிம் தம்பியை ஒரு தடவை பார்த்தாள். அவன் எழுந்து போகலாமா என்று பாதி எழுந்தான். உட்கார் என்று கையைக் காட்டினாள்.

"தேதி குறிக்க வந்தீங்களே, அன்னிக்கும் இதே மாதிரி தண்ணி வத்தியிருந்துச்சு. உங்க அம்மா இதோ, இந்த இடுக்குல குனிஞ்சு கீழ பாத்தாங்க. கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. எங்கம்மா தட்டுல பலகாரம் வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கறாங்க. அவங்க எடுக்கவே இல்ல. நான் உங்களைப் பாத்தேன்." நிறுத்தினாள். "நீங்க சிரிச்சீங்க."

"நானா?"

"ஆமா."

டெக் செங் யோசித்தார். முகத்தில் நிஜமாகவே தேடுவது தெரிந்தது. "எனக்கு ஞாபகமே இல்ல சிம். கைக்குட்டை ஞாபகம் இருக்கு. அம்மா அப்படித்தான், எங்க போனாலும். எனக்கு வெக்கமா இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சிருப்பேன். இருபத்தேழு வயசு, முட்டாப்பய."

"இருக்கும்" என்றாள் குவாட் சிம். குரலில் கோபம் இல்லை. "அதை நான் அன்னிக்கே கேட்டிருக்கலாம். ஏன் சிரிச்சீங்கன்னு. கேக்கல. அப்பாகிட்ட வேணாம்னு சொன்னேன், அவரும் ஏன்னு கேக்கல. எல்லாம் கேக்காமலே முடிஞ்சுபோச்சு."

"வருத்தமா இருந்துச்சா? பின்னால?"

"முதல்ல ரெண்டு வருஷம் இருந்துச்சு. அப்புறம் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். நான் யாருக்காகவும் உக்காந்திருக்கல."

அவர் தலையாட்டினார். ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவள் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஐந்து மணிப் படகுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கெங் லாயிடம் சொன்னார்.

"மறுபடியும் சாகடிச்சிராதப்பா. என் பொண்டாட்டி தாங்க மாட்டா, சிரிச்சே செத்துடுவா."

அவர் போன பிறகு கெங் லாய் கோப்பைகளைக் கழுவினான். அந்த வீட்டில் அவன் கோப்பை கழுவிப் பல வருஷம் ஆகியிருந்தது. டெக் செங் அன்று சிரித்ததைப் பற்றி அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அது இன்னொரு கதை ஆகிவிடும் என்று பயந்து சும்மா இருந்தான்.

"நாளைக்குக் கும்பல் வந்து கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றான் கடைசியில்.

"என் அக்கான்னு சொல்லு. தைக்கறான்னு சொல்லு."

"அவ்வளவுதானா? அவங்களுக்குப் போதாதுக்கா."

"போதலன்னா என்னைக் கேக்கச் சொல்லு. நீ மொழிபெயர்த்துக் குடு. உள்ளத உள்ளபடி, நீல கலர் எல்லாம் சேக்காம."

திங்கட்கிழமைக் காலை கோட்டையில், "இங்க எல்லாம் காடு" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். இந்த முனையில் முதலில் மீன் பிடித்தவர்கள் மலாய்க்காரர்கள் என்றான். வெள்ளிக் காசைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், பார்த்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சொன்னான். கை தட்டியபோது பாதிப் பேர்தான் துள்ளினார்கள்.

பாலத்தில் ஏழாவது வீட்டின் முன் நின்று, "இது என் அக்கா" என்றான்.  கூட்டம் அவனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு இளம்பெண், "அவங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு கேக்கலாமா?" என்றாள். கெங் லாய் அதை ஒரு வார்த்தை மாறாமல் ஹொக்கியனில் கேட்டான்.

குவாட் சிம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"நல்ல கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். இந்தப் பேன்ட்டைப் பதினொரு மணிக்குக் குடுக்கணும். அவசரமில்லன்னா செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காரச் சொல்லு."